சுதந்திர நடனத்துக்கும் விதி உண்டு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஹுத்தான் மெலிந்தாங்கில் பனியை ஐஸ் கச்சாங் கிண்ணத்தில்தான் பார்க்க முடியும். ஆனாலும் பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், நானும் தங்கையும் விரும்பிப் பார்ப்பது பனி நடனப் போட்டிகளைத்தான். பரதம் கற்கும் அவள் ஒருநாள் கேட்டாள்: “அக்கா, பேரு ‘ஃப்ரீ டான்ஸ்’. அப்புறம் ஏன் இவ்வளவு ரூல்ஸ்?”

நல்ல கேள்வி. பனி நடனம் இருவர் இணைந்து ஆடும் போட்டி. முதல் சுற்றான தாள நடனத்தில், அந்தப் பருவத்துக்கென விதிக்கப்பட்ட கருப்பொருளில் ஆட வேண்டும். இரண்டாவது சுற்றுதான் ஃப்ரீ டான்ஸ், அதாவது சுதந்திர நடனம். இசையும் கதையும் ஆடுபவர்களின் விருப்பம். ஆனால், நேரம் நான்கு நிமிடம். பத்து விநாடி கூடலாம், குறையலாம். இணையரைத் தூக்கி வீசக்கூடாது. வரம்பை மீறிய நேரம் தூக்கி வைத்திருந்தால் ஒரு புள்ளி போய்விடும்.

இந்த நெருக்கடியிலிருந்தே ஓர் அற்புதம் பிறந்தது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜேன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் இணை ‘பொலேரோ’ இசையைத் தேர்ந்தெடுத்தது. எவ்வளவு சுருக்கியும் அது 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே இறங்கவில்லை. விதியோ 4 நிமிடம் 10 விநாடி. சறுக்குக் காலணியின் கத்தி பனியைத் தொட்ட பிறகே கடிகாரம் ஓடும் என்பதை இருவரும் கவனித்தார்கள். முதல் 18 விநாடிகள் பனியில் மண்டியிட்டு, உடலை மட்டும் அசைத்தே ஆடினார்கள். கலைத்திறனுக்கு ஒன்பது நடுவர்களும் முழுமையான 6.0 கொடுத்தார்கள். தங்கமும் கிடைத்தது.

நமக்கு நெருக்கமான கதையும் உண்டு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில், நாட்டுப்புற நடனச் சுற்றில், அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இணை இந்தித் திரைப்பாடல்களுக்கு ஆடியது. அதற்காக இந்திய வம்சாவளி நடன ஆசிரியரிடம் கை முத்திரைகளையும் பாவங்களையும் கற்றுக்கொண்டார்கள். பாராட்டு குவிந்தது. அதே சுற்றில் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரைப் போல் வேடமிட்டு ஆடிய ரஷ்ய இணை, அம்மக்களின் கண்டனத்துக்கு ஆளானது. அந்தப் போட்டியில் வெள்ளி வென்ற டேவிஸ், வைட் இணை, 2014 சோச்சியில் சுதந்திர நடனத்தில் 116.63 புள்ளிகள் குவித்துத் தங்கம் வென்றது. பிறர் கலையை எடுத்தாளும் உரிமையும் முறையாகக் கற்ற பிறகே வருகிறது.

நம் நாட்டின் ஜூலியன் யீயை மறக்க முடியுமா? தனிநபர் பனிச்சறுக்கில் 2017 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் 25ஆம் இடம் பெற்றார். இரண்டாம் சுற்றான சுதந்திரப் பிரிவுக்கு 24 பேர் மட்டுமே தகுதி. ஒரே ஓர் இடம்! சுதந்திரமாக ஆடும் வாய்ப்பைக்கூட, கட்டாயச் சுற்றில் வென்றுதான் பெற வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, கட்டுரைக்குச் சொல் வரம்பு, இடுபணிக்கு நிபந்தனை என்று நாமும் அடிக்கடி சலித்துக்கொள்கிறோம். அடுத்த முறை அப்படித் தோன்றினால், ‘பொலேரோ’வின் அந்த முதல் 18 விநாடிகளைத் தேடிப் பாருங்கள்.