முறிந்த முகத்தைத் துடைக்காதீர்கள்

"ஒரே வருசத்துல மூணாவது ஷாஃப்டுங்க இது" என்றார், கோவை கணபதியில் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர். இரும்பு சரியில்லை என்று இரண்டு முறை கடையையே மாற்றிவிட்டாராம். பேசிக்கொண்டே பனியன் வேஸ்ட்டால் துடைத்து, இரு துண்டுகளையும் பொருத்திக் காட்டப் போனார். பதறிப்போய்த் தடுத்தேன். முறிந்த முகங்கள் உரசிவிட்டால் தடயம் போச்சு. அப்புறம் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். கீவேயின் (சாவி பொருந்தும் பள்ளத்தின்) மூலையில் தொடங்கி, அலை வடிந்த மணல் போல வளைவு வளைவாக வரிகள். எதிர் ஓரத்தில் மட்டும் நகமளவு சொரசொரப்பு. கடைசி நொடியில் ஒடிந்தது அந்த நகமளவுதான். மற்றதெல்லாம் சுழலச் சுழல மெல்ல விரிந்த விரிசல், உலோகக் களைப்பு.

1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு இதே களைப்பால் ஒடிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின், அச்சின் கூர்மூலைகளை வளைவாக்கச் சொன்னார். அந்தப் பாடம் இன்னும் பல பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

உதவி தொலைவில் இல்லை. கோவையிலேயே சிடார்க் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளின் உலோகவியல் துறைகளும் உண்டு. ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்துக்குச் சென்னை தரமணியில் ஒரு மையம் உண்டு. வெல்டிங் விட்டுப்போனால் திருச்சி பெல் வளாகத்து வெல்டிங் ஆய்வு நிறுவனம். ஆனால் "டெஸ்ட் பண்ணிக் குடுங்க" என்று மட்டும் கேட்டால் கார்பன் இவ்வளவு, கடினம் இவ்வளவு என்று ஒரு தாள்தான் வரும். ஏன் முறிந்தது என்று கேட்க வேண்டும். நல்ல நிபுணர் பதில் சொல்லுமுன் நம்மைத்தான் குடைவார்: பெல்ட் எவ்வளவு இறுக்கம், அலைன்மெண்ட் எப்போது பார்த்தது, பேரிங் எப்போது மாற்றியது, கீவே வெட்டியது யார்?

கழற்றுமுன் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். முறிவுக்குப் பக்கத்தில் கேஸ் கட்டிங் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். இரு துண்டுகளையும் ஈரம் படாமல் தனித்தனியாகச் சுற்றி, வரைபடத்தோடு அனுப்புங்கள்.

அண்ணன் வரைபடத்தைத் தேடி எடுத்தார். கிரீஸ் கறை படிந்த தாள். கீவேக்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தன. மூலைக்கு எவ்வளவு ரேடியஸ் என்று எங்கேயும் இல்லை.