அலை, மழை, கொலை: வேல்ஸ் கடற்கரை மர்மத் தொடர்கள் ஏன் விடாமல் பார்க்க வைக்கின்றன?

ஒரு வீட்டின் குளியலறை. எங்கு பார்த்தாலும் ரத்தம். ஆனால் உடல் இல்லை. அந்த வீட்டில் இருந்த வயதான அம்மாவைக் காணோம். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் போலீஸ் அதிகாரி டாம் மத்தாயஸுக்கு அதுதான் முதல் வழக்கு. வெளியே மேகம் மூடிய வானம், சாம்பல் நிறக் கடல், நிற்காத காற்று.

2013-ல் வெளியான ‘ஹின்டர்லேண்ட்’ தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. கார் துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை, பன்ச் வசனமும் இல்லை. ஆனாலும் ஒரு எபிசோடு பார்த்தால் அடுத்ததை நிறுத்த முடியாது. வேல்ஸ் நாட்டின் கடலோர ஊர்களை வைத்து இப்படி ஒரு வரிசையே வந்துவிட்டது. ‘வெல்ஷ் நுவார்’ என்று அதற்குத் தனிப் பெயரும் கிடைத்துவிட்டது. அப்படி என்னதான் இருக்கு அந்த ஊர்களில்?

எங்கே நடக்கிறது கதை?

பிரிட்டன் வரைபடத்தில் இங்கிலாந்துக்கு மேற்கே, அயர்லாந்தைப் பார்த்தபடி இருப்பது வேல்ஸ். மக்கள்தொகை சுமார் 31 லட்சம். சென்னை நகரத்தைவிடக் குறைவு. ஆனால் கடற்கரை நீளம். 2012-ல் திறக்கப்பட்ட கடலோர நடைபாதை மட்டுமே சுமார் 1,400 கிலோமீட்டர்.

‘ஹின்டர்லேண்ட்’ நடக்கும் ஊர் அபெரிஸ்ட்வித். வெல்ஷ் மொழியில் ‘அபெர்’ என்றால் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். இஸ்ட்வித் என்பது ஆற்றின் பெயர். 1872-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், வேல்ஸின் தேசிய நூலகம், விக்டோரியா காலத்துக் கடற்கரைச் சாலை, கடலுக்குள் நீளும் பழைய பியர் என ஊரைக் கையளவில் அடக்கிவிடலாம். ஊரை விட்டு அரை மணி நேரம் காரில் போனால் ஆட்டுப் பண்ணைகள், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்கள், ஆளில்லாத மலைச் சரிவுகள்.

முதல் கதை நம்மை அழைத்துப் போகும் பொன்டார்வனாக் என்ற இடம் நிஜமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டெவில்ஸ் பிரிட்ஜ்’, சாத்தான் பாலம். ஒரு பள்ளத்தாக்கின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பாலங்கள். பழைய பாலத்தை இடிக்காமலேயே அதன் தலைக்கு மேல் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். சாத்தான் கட்டிக் கொடுத்த பாலம், முதலில் கடக்கும் உயிர் தனக்கு என்று அவன் கேட்க, ஒரு கிழவி ரொட்டியைத் தூக்கிப் போட்டு நாயை முதலில் ஓடவிட்டு அவனை ஏமாற்றினாள் என்பது ஊர்க்கதை. அடியில் பழையது, மேலே புதியது. மர்மக் கதைக்காரருக்கு இதைவிட வசதியான இடம் வேறென்ன வேண்டும்?

ஈர்ப்புக்கு என்ன காரணம்?

முதல் காரணம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். லண்டன் மாதிரி பெருநகரத்தில் கொலையாளி கூட்டத்தில் கலந்துவிடலாம். பேக்கரி, தேவாலயம், பப், ஒரு பள்ளிக்கூடம் மட்டுமே உள்ள ஊரில் அது நடக்காது. கொலை செய்தவர் நேற்று உங்களுக்குப் பால் ஊற்றியவராக இருக்கலாம். அகதா கிறிஸ்டி ஒரு ரயிலுக்குள்ளோ ஒரு தீவுக்குள்ளோ ஆட்களைப் பூட்டி வைத்துக் கதை சொன்னார். இங்கே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் பூட்டு வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

இரண்டாவது, சீசன் முடிந்த பிறகான கடற்கரை. கோடையில் ஐஸ்கிரீம், மணல் வாளி, கூட்டம். அக்டோபர் வந்தால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். கேரவன் பூங்காக்கள் காலியாகும். டாம் மத்தாயஸ் வசிப்பதும் அப்படி ஒரு தனிமையான கேரவனில்தான். ஜாலியாக இருக்க வேண்டிய ஒரு இடம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்கும்போதே மனசுக்குள் ஏதோ பிசையும். இயக்குநர் தனியாகப் பயமுறுத்தத் தேவையில்லை.

மூன்றாவது, புதைந்ததெல்லாம் மேலே வரும் நிலம் அது. அபெரிஸ்ட்வித்துக்கு வடக்கே போர்த் என்ற கிராமம். கடல் உள்வாங்கும்போது அங்கே மணலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் தெரியும். கடல் விழுங்கிய காடு அது. ‘காந்த்ரெர் க்வைலோத்’ என்ற நாடு கடலில் மூழ்கியது, அமைதியான நாளில் அதன் மணியோசை கேட்கும் என்பது அப்பகுதியின் தொன்மம். பூம்புகார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2014 ஜனவரியில் வீசிய பெரும்புயல் அபெரிஸ்ட்வித்தின் கடற்கரைச் சாலையைப் பெயர்த்துப் போட்டது. அதே குளிர்காலத்தின் புயல்களில்தான் போர்த்தின் அடிக்கட்டைகளும் நிறைய வெளியே வந்தன. தொடரின் கொலைகளும் இதே பாணிதான். இன்று நடக்கும் கொலைக்குக் காரணம் பெரும்பாலும் இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பாவத்தில் இருக்கும்.

ஒரே காட்சி, இரண்டு தடவை

‘ஹின்டர்லேண்ட்’ தொடருக்கு இன்னொரு பெயர் ‘அ க்விஹ்ல்’. வெல்ஷ் மொழியில் ‘அந்தி இருட்டு’ என்று பொருள். ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறை வெல்ஷில், ஒருமுறை ஆங்கிலத்தில் என இரண்டு தடவை படம்பிடித்தார்கள். டப்பிங் இல்லை. மத்தாயஸாக நடித்த ரிச்சர்ட் ஹாரிங்டனும், உள்ளூர் அதிகாரி மாரெட் ரீஸாக நடித்த மாலி ஹாரிஸும் ஒரே கோபத்தையும் ஒரே அழுகையையும் இரு மொழிகளில் கொடுத்தார்கள்.

எதற்கு இந்த டபுள் வேலை? கணக்கு எளிது. வெல்ஷ் மட்டும் பேசும் தொடருக்குச் சந்தை சின்னது. அதன் வருமானத்தில் தரமான க்ரைம் தொடர் எடுக்க முடியாது. ஆங்கில வடிவமும் கையில் இருந்தால் பிபிசியும் பணம் போடும், வெளிநாட்டுக்கும் விற்கலாம். 2013 அக்டோபரில் வெல்ஷ் வடிவம் எஸ்4சி சேனலில் வந்தது. சில மாதங்களில் பிபிசியில் ஆங்கிலமும் வெல்ஷும் கலந்த வடிவம் வந்தது. டென்மார்க்கின் டிஆர் தொலைக்காட்சி, ஒளிபரப்புக்கு முன்பே தொடரை வாங்கியிருந்தது. ‘தி கில்லிங்’ மூலம் ‘நார்டிக் நுவார்’ அலையைத் தொடங்கிவைத்த அதே டிஆர்!

இந்த வழி வேலை செய்ததும் மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2017-ல் வந்த ‘கீப்பிங் ஃபெய்த்’ தொடரும் இப்படித்தான் இரு மொழிகளில் எடுக்கப்பட்டது. நாயகி ஈவ் மைல்ஸ் வேல்ஸைச் சேர்ந்தவர்தான், ஆனால் வெல்ஷ் பேசத் தெரியாது. அந்தப் பாத்திரத்துக்காகவே கற்றுக்கொண்டு நடித்தார். சொந்த நாட்டு மொழியை வேலைக்காகப் புதிதாகக் கற்கும் நிலை அங்கே அபூர்வமில்லை.

ஒரு சேனலுக்காக உண்ணாவிரத மிரட்டல்

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 சதவீதம். 2011-ல் இது 19 சதவீதம். அபெரிஸ்ட்வித் இருக்கும் கெரெடிகியான் மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர், அதாவது 45 சதவீதம் பேர், வெல்ஷ் பேசுகிறார்கள். அங்கும் பத்தாண்டில் இரண்டு புள்ளிகள் சரிவு. 2050-க்குள் பத்து லட்சம் பேரைப் பேச வைப்போம் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு.

எஸ்4சி சேனலே சும்மா கிடைத்துவிடவில்லை. வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் என்ற தேர்தல் வாக்குறுதியிலிருந்து மார்கரெட் தாட்சர் அரசு பின்வாங்கியது. 1980-ல் பிளைட் கம்ரி கட்சித் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ், ‘சேனல் வராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம்’ என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மொழிக்காக உயிரைப் பணயம் வைத்த வரலாறு உள்ள இடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இதன் எடை தனியாக விளக்க வேண்டியதில்லை. மாரெட் ரீஸ் ஒரு சாட்சியை வெல்ஷில் விசாரிக்கும் காட்சி திரைக்கு வந்ததற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

நிஜத்தில் இவ்வளவு கொலைகள் நடக்கிறதா?

இல்லை. இந்தத் தொடர்களை நம்பினால் ஊரில் பாதிப் பேர் மிஞ்ச மாட்டார்கள். ஆனால் ஒரு நிஜ வழக்கு தொடராகியிருக்கிறது. வேல்ஸின் தென்மேற்கு முனையான பெம்ப்ரோக்ஷயரில் 1985-ல் ஓர் அண்ணனும் தங்கையும் பண்ணை வீட்டில் கொல்லப்பட்டார்கள், வீடும் எரிக்கப்பட்டது. 1989-ல் விடுமுறைக்கு வந்த தம்பதி கடலோர நடைபாதை அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பல ஆண்டுகள் துப்பில்லை. 2006-ல் வழக்கைப் புதிதாகத் திறந்து, பழைய தடயங்களை நவீன முறையில் சோதித்தார்கள். 2011-ல் ஜான் கூப்பர் நான்கு கொலைகளுக்கும் தண்டிக்கப்பட்டார். 1989-ல் அவர் ‘புல்ஸ்ஐ’ என்ற டிவி விளையாட்டு நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டு கலந்துகொண்டிருந்தார். அந்தப் பழைய வீடியோவும் விசாரணைக்கு உதவியது.

2021-ல் வந்த ‘தி பெம்ப்ரோக்ஷயர் மர்டர்ஸ்’ மூன்றே எபிசோடுகள். அதைப் பார்க்கும்போது கற்பனைக் கொலையில் கிடைக்கும் ‘யார் செஞ்சது?’ என்ற சுவாரசியம் கொஞ்சம் கசக்கும். போனவர்கள் நிஜ மனிதர்கள். நல்ல மர்மக் கதை அந்தக் கசப்பைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கும். ‘ஹின்டர்லேண்ட்’ அப்படிப்பட்டதுதான். கொலையாளி பிடிபட்ட பிறகும் யாரும் கை தட்டுவதில்லை.

இந்த ஊர்களுக்கு நிஜமான ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வடமேற்கில் ஹ்லீன் தீபகற்பத்தில் அபெர்சோக் என்ற கடற்கரை கிராமம். பணக்காரர்களின் விடுமுறை வீடுகளால் புகழ்பெற்றது. வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும் விளக்கெரியும் வீடுகள் அவை. விலை ஏறியதும் உள்ளூர் இளம் குடும்பங்களால் வீடு வாங்க முடியவில்லை. பத்துக்கும் குறைவான மாணவர்கள் மிஞ்சிய நிலையில், 2021 டிசம்பரில் அங்கிருந்த வெல்ஷ் மொழித் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியில் 300 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம் என்று வேல்ஸ் அரசு விதியை மாற்றியது. அபெர்சோக் இருக்கும் க்வினெத் கவுன்சில் 150 சதவீதம் கூடுதலாக விதித்தது.

மர்மக் கதைக்கு அடிப்படையே ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். பக்கத்து வீட்டில் ஆளே இல்லாவிட்டால் சாட்சி யார்? ஜன்னல் வழியாகப் பார்த்த கிழவி யார்? தொடர்கள் காட்டும் அந்த நெருக்கமான ஊர்களில் சில, நிஜத்தில் குளிர்காலத்தில் இருட்டிவிடுகின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஹின்டர்லேண்ட்: மூன்று சீசன்கள். ஒவ்வொரு கதையும் சினிமா நீளம். மழை நாளில், விளக்கணைத்துப் பார்க்கலாம். அவசரம் கூடாது.

கீப்பிங் ஃபெய்த்: வெல்ஷ் தலைப்புக்குப் பொருள் ‘ஒரு புதன்கிழமை காலை’. வேலைக்குக் கிளம்பிய கணவர் திரும்பி வரவில்லை. வக்கீலான மனைவி தேடத் தொடங்குகிறார். கவிஞர் டிலன் தாமஸ் வாழ்ந்த லார்ன் ஊரின் முகத்துவாரமும் நாயகியின் மஞ்சள் மழைக்கோட்டும் மறக்காது.

ஹிட்டன்: வெல்ஷில் ‘க்ரைத்’, அதாவது தழும்பு. குற்றவாளி யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஏன் என்பதுதான் கேள்வி.

பேங்: போர்ட் டால்பட் ஊரில் ஒருவன் கையில் துப்பாக்கி கிடைக்கிறது, அவன் சகோதரியோ போலீஸ். ஒரே வடிவத்தில் வெல்ஷும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள், நம் வீடுகளில் தமிழும் ஆங்கிலமும் கலப்பது போல. கடற்கரைக்குப் பின்னால் தெரியும் இரும்பாலை டாடா ஸ்டீலுடையது. அதன் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது.

படிக்க விரும்பினால் மால்கம் பிரைஸின் ‘அபெரிஸ்ட்வித் மோன் ஆமூர்’, 2001. துப்பறிவாளர் லூயி நைட், ஊரை ஆட்டிப் படைக்கும் தாதாக்களாகப் பூசாரிகள் என முழுக்க நக்கல். சோகத்துக்கு நடுவில் ஒரு இடைவேளை.

எந்தத் தொடர் எந்தத் தளத்தில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்ஷ் வடிவம் கிடைத்தால் சப்டைட்டிலோடு அதையே போடுங்கள். ‘ல’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, பக்கவாட்டில் காற்றை ஊதினால் வரும் ஓர் ஒலி அதில் அடிக்கடி கேட்கும். நம்ம ‘ழ’ மாதிரியே வெளியூர்க்காரர்களைத் திணறடிக்கும் ஒலி அது. ‘அ க்விஹ்ல்’ என்ற தலைப்பே அதில்தான் முடிகிறது. இரண்டு எபிசோடு முடிவதற்குள் நீங்களும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பீர்கள்.