பழகாத கல்லில் ஒட்டும் தோசை
பேச்சு சிகிச்சைகள் எப்படி இயங்குகின்றன?

ஒரு மாதம் அடுப்பேறாத இரும்புக் கல்லில் முதல் தோசை பிய்ந்துதான் வரும். "எனக்கு எதுவுமே சரியா வராது" என்று கரண்டியை வைத்துவிட்டால் கல்லில் துருவேறும். அடுத்த தோசை இன்னும் மோசமாகப் பிய்யும். மனச்சோர்வும் இப்படியொரு சுழல்தான். அதை எந்த இடத்தில் அறுப்பது என்பதில்தான் சிகிச்சைகள் வேறுபடுகின்றன.

எண்ணத்தில்: 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை), "எதுவுமே வராது" என்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும். "பத்து ஊற்றினீர்களே, எத்தனை பிய்ந்தது?" மூன்று என்றால், "எதுவுமே" ஆட்டம் காணும்.

செயலில்: நடத்தைத் தூண்டல் சிகிச்சை, மனசு வரட்டும் என்று காத்திருக்காது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு தோசை, அவ்வளவுதான் வீட்டுப்பாடம். கல் பழகட்டும், ருசி பின்னால் வரும்.

உறவில்: ஆய்வாளர்கள் கிளெர்மனும் வைஸ்மனும் 1970களில் வளர்த்தெடுத்த ஐபிடி (ஆளிடை உறவுச் சிகிச்சை), கல்லை விட்டுவிட்டுப் பந்தியைப் பார்க்கும். நாலு பேருக்கு ஊற்றிய கை இப்போது ஒருவருக்குத்தான் ஊற்றுகிறதா? இழப்பு, பிணக்கு, பணி ஓய்வு போன்ற மாற்றம், தனிமை என ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு 12 முதல் 16 வாரம் பேசும்.

பழைய கைப்பக்குவத்தில்: உளஇயக்கச் சிகிச்சை, "தோசை பிய்ந்தால் அன்றைக்கு உங்களைத் திட்டியது யார்?" என்று கேட்கும். அந்தக் குரல் இன்றும் அடுப்படியில் நிற்கிறதா என்று தேடும்.

இவற்றில் எது உசத்தி? இங்கிலாந்தில் 440 பேரிடம் சிபிடியையும் நடத்தைத் தூண்டலையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு பலன் ஏறக்குறைய சமம். தூண்டலைத் தந்தவர்களோ குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள், செலவும் குறைவு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், நிபுணர் அல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் தூண்டலைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். மற்ற சிகிச்சைகளை ஒப்பிட்டாலும் இடைவெளி பெரிதாக இருப்பதில்லை.

ஆகவே, உங்கள் சுழல் எங்கே இறுகியிருக்கிறது, எதிரே இருப்பவரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்று பாருங்கள். சோர்வு கடுமையானால் மருந்தும் தேவைப்படலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், இந்தியாவில் மனநல உதவி எண் 14416க்கு உடனே அழையுங்கள்.

முதல் அமர்வும் முதல் தோசை மாதிரிதான். அது பிய்ந்ததென்று கல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.