மடிப்பைப் பிடிக்கும் முளைகள்

துணிக்கடையில் புதுச்சட்டையோடு விலைச்சீட்டைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முள்ளைப் பார்த்திருப்பீர்கள். ஊசி வழியே துணிக்குள் நுழையும். நுழைந்ததும் குறுக்கே படுத்துக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது. ஏறக்குறைய அதே வடிவில், பாலிபுரொப்பிலீனால் செய்த சிறு முளைகள் இன்று மனித இரைப்பையின் மடிப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை நான்கைந்து தையல்கள் செய்தன.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் வாய் தளர்ந்துவிட்டால் அமிலம் மேலே எதுக்களிக்கும். நெஞ்சு எரியும், நாளடைவில் குழாயில் புண் வரும். 1930களில், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி இஸ்தான்புல்லில் பணியாற்றிய ருடால்ஃப் நிசென், ஒரு நோயாளிக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டியெடுத்தார். இணைத்த இடம் கசியாமலிருக்க இரைப்பைச் சுவரையே மடித்து மேலே போர்த்தினார். அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே வரவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் கவனத்துக்கு வந்தது. 1955-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், 49 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த மடிப்பை மட்டும் தனியாகச் செய்துபார்த்தார். மறு ஆண்டு அதை எழுதி வெளியிட்டார்.

அன்று மேல்வயிற்றை நீளமாகக் கிழித்தாக வேண்டும். இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் பின்புறமாகக் கொண்டுவந்து, முன்னால் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். போர்வை நழுவாதிருக்க, தையலில் ஒன்றாவது உணவுக்குழாயின் சுவரையும் கவ்வும். இறுக்கம் சரியா என்பதை அறுவை மருத்துவரின் விரல்தான் சொன்னது: மடிப்புக்கடியில் விரல் தாராளமாக நுழைந்தால் சரி. ஆனாலும் அன்றைய மடிப்பு நீளமானது. எரிச்சல் போயிற்று, கூடவே ஏப்பமும் போயிற்று. வயிறு உப்பிக்கொண்டு, வாந்திகூட எடுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. 1986-ல் டாம் டிமீஸ்டரும் அவருடைய குழுவினரும் மடிப்பின் நீளத்தை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்து, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை உள்ளே வைத்துத் தைத்தபோது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. 1991-ல் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டாலமாஞ் இதையே சிறு துளைகள் வழியாகச் செய்தார். நீளமான வெட்டு மறைந்தது. விரலும் வெளியே நின்றுவிட்டது.

பிறகு துளையும் வேண்டாம், வாய் வழியாகவே போகலாம் என்றார்கள். லண்டனில் பால் ஸ்வைன் உருவாக்கிய, எண்டோஸ்கோப்பின் முனையில் பொருத்தும் குட்டித் தையல் எந்திரம் 2000-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. பார்க்க அழகான வேலைதான். உட்புறச் சவ்வை உறிஞ்சி இழுத்து, மடித்து, முடிச்சிடும். ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பலருக்கும் தையல்கள் கழன்றுபோயின. காரணம் எந்திரத்தில் இல்லை. 1826-லேயே பாரிசில் அந்துவான் லம்பேர் அதைக் காட்டியிருந்தார். குடலின் வெளிப்புறச் சவ்வும் வெளிப்புறச் சவ்வும் உரசி நின்றால் ஒட்டிக்கொள்ளும். உட்புறச் சவ்வோடு உட்புறச் சவ்வை வைத்தால் ஒட்டாது. நூல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது சிறிது காலத்துக்கு முட்டுக்கொடுக்கும் கழிதான். உடம்பு தானாக ஒட்டிக்கொள்ளும்வரை தாங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கடமை.

நிசெனுக்கு இது கைவந்த பாடம். 1948-ல் ஐன்ஸ்டீனின் வயிற்றுத் தமனி வீங்கியிருந்தபோது அவர் அதைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். தாள் உறுத்தும், உறுத்திய இடத்தில் தழும்பு வளரும், தழும்பு சுவரைத் தாங்கும். ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல்வரை வாழ்ந்தார்.

2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இசோஃபிக்ஸ் அந்தப் பழைய பாடத்துக்குத் திரும்பிவந்த கருவி. சுமார் 18 மில்லிமீட்டர் பருமன். நடுவே எண்டோஸ்கோப் செல்லும். திருகாணி போன்ற ஒரு கம்பி திசுவைக் குத்திக் கீழே இழுக்கிறது. ஒரு கை அதை மடக்குகிறது. ஊசி சுவரின் முழுத் தடிமனையும் துளைத்து முளையை விடுகிறது. வெளிச்சவ்வோடு வெளிச்சவ்வு சேர்கிறது. முளைகள் வட்டம் முழுதும் போவதில்லை, முக்கால் வட்டத்தோடு நின்றுகொள்கின்றன. ஏப்பத்துக்கு வழி மிச்சமிருக்கிறது. வயிற்றில் வெட்டு இல்லை. பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்பலாம்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. உதரவிதானத்தின் துளை விரிந்து, இரைப்பை இரண்டு சென்டிமீட்டருக்குமேல் மார்புக்குள் ஏறியிருந்தால் இந்தக் கருவி மட்டும் போதாது. அந்தத் துளையை முன்போலத் தைத்தே சுருக்க வேண்டும். இருபது முளைகள் போட்ட மடிப்பு எத்தனை இறுக்கம் என்று திரை காட்டும், தொட்டுச் சொல்லாது. என் கணக்கில், கடுமையான எதுக்களிப்புக்கு நிசெனின் தையல்தான் இன்னும் ஒரு படி மேல். தளர்ச்சி சிறிதாக இருப்பவருக்கு முளை போதும்.

ஒட்டவேண்டியது ஒட்டியபின் முளைகளுக்கு வேலை இல்லை. ஆனாலும் அவற்றை யாரும் எடுப்பதில்லை. கரையாத பிளாஸ்டிக், உள்ளேயே இருந்துவிடுகிறது.