போலீஸ் உத்தியோகமும் நம் பிள்ளைகளும்

சென்ற மாதம் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பகல் உணவுக்குப் பின் பேரேட்டை மறுபடியும் திறக்கும் சமயத்தில், அங்கத்தினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தந்தை உள்ளே வந்துவிட்டார். மகன்தான் தயங்கி நின்றான். சங்கத்தின் காரியதரிசி சிரித்துக்கொண்டே, "பயப்படாதே தம்பி, இவர் கூட்டுறவு இன்ஸ்பெக்டர், அந்த இன்ஸ்பெக்டர் இல்லை" என்று சொன்ன பிறகே அவன் படியேறினான். இந்த உத்தியோகத்தில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன வேடிக்கை. ஆனால் அந்தப் பையன் தயங்கியதற்கு வேறு காரணம் இருந்தது என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் விளங்கிற்று.

தந்தை கேட்டது இதுதான்: மகன் 10-ஆம் வகுப்பில் தேறியவன், மேல்நிலை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டான். இப்போது வயது 18 நிரம்பிவிட்டது. போலீஸில் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்க்கப் பணம் கட்டவேண்டுமாம். "என் சேமிப்புக் கணக்கிலிருந்து முன்பணம் கிடைக்குமா ஐயா? கிடைத்தால் இவனை அனுப்பலாமா?"

முன்பணம் பற்றிய கேள்விக்கு விதிப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ‘அனுப்பலாமா’ என்பதுதான் கடினமான கேள்வி. ராயபுரத்தில் மீனவர் வீட்டுத் திண்ணையிலும், எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டிலும், பொன்னேரிப் பக்கத்தில் நெல் பயிரிடும் அங்கத்தினரிடமும் இதே கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. ஆகவே அன்று நான் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் காக்கி உடையை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை முதலில் பார்க்கவேண்டும். திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை நெசவாளருக்காகவே ஏற்பட்ட ஊர். கும்பினிக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் 1719-இல் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த பேட்டை அது; காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பின்னர் தறியை விட்டவர்களுக்கு ஆலைகள் இடம் கொடுத்தன. பெரம்பூரில் பின்னி ஆலை, எண்ணூரில் மோட்டார் லாரித் தொழிற்சாலை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், தீப்பெட்டித் தொழிற்சாலைகள் என்று கடற்கரை நெடுகப் புகைபோக்கிகள் எழுந்தன. தகப்பனாருக்கு ஆலையில் வேலை இருந்தால் மகனுக்கும் ஒரு நாள் அங்கே இடம் உண்டு என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கு இருந்தது. பின்னி ஆலை 1996-இல் மூடிற்று. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நின்றது. இன்றும் ஓடும் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்பவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளே.

கடலும் கைகொடுக்கவில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் பரவிக் கரையெல்லாம் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் புகுந்து, வலைகளும் படகுகளும் கருத்துப்போயின. இந்நிலையில் மாதம் தவறாத சம்பளமும் சீருடையும் உள்ள ஓர் உத்தியோகத்தைப் பையன்கள் நாடுவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இந்த உத்தியோகத்தின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அதே தேர்விலேயே சிறைக் காவலர், தீயணைப்போர் ஆகியோரையும் எடுப்பது வழக்கம். 2023-இல் இம்மூன்றுக்கும் சேர்த்து 3,359 இடங்கள் அறிவிக்கப்பட்டன. குறைந்தபட்சக் கல்வி 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி. அந்த அறிவிக்கையின்படி வயது வரம்பு 18 முதல் 26. பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோருக்கு 28 வரை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31 வரை. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 போதும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும். பிறகு கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம். சம்பள விகிதம் ரூ. 18,200-இல் தொடங்குகிறது. தேர்வானவுடனே ராயபுரம் காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். சில மாதப் பயிற்சி, பிறகு ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ சில வருஷங்கள், பந்தோபஸ்து, இரவுப் பாரா, தீபாவளிக்கு வீடு வர இயலாமை. இவையெல்லாம் அந்தச் சம்பளத்தோடு சேர்ந்தே வருபவை.

ஓட்டத்தில் நம் பிள்ளைகள் தோற்பதில்லை. காசிமேட்டுக் கடற்கரையில் விடியற்காலை மணலில் ஓடும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குத்துச்சண்டையும் கால்பந்தும் வடசென்னைக்குப் பாலோடு ஊட்டப்பட்டவை. அவர்கள் தடுக்கி விழுவது காகிதத்தில். முதலில் எழுத்துத் தேர்வு. அதிலும் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் நூற்றுக்கு 40 விகிதம், அதாவது 32 மதிப்பெண் பெறாதவரின் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ‘தமிழ்தானே’ என்று அலட்சியமாகப் போய்த் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். மற்ற 70 மதிப்பெண்ணுக்குப் பொது அறிவும் உளவியலும். உடல் திறனுக்கு 24. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சர்ட்டிபிகேட்டுகளுக்கு மொத்தம் 6. இந்த ஆறைச் சிறிதென்று எண்ணவேண்டாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே சேர்க்கவேண்டிய சேமிப்பு அது.

10-ஆம் வகுப்புப் போதும் என்று விதி சொல்வது உண்மை. ஆனால் அந்தத் தேர்வு மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பட்டதாரியாகவோ இன்ஜினீயராகவோ இருப்பார். இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. காவலராகச் சேர்ந்தவர் வெறும் சேவைக் காலத்தினாலேயே மேலேறினால், 10 வருஷத்தில் முதல்நிலைக் காவலர், 15-இல் தலைமைக் காவலர், 25-இல் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதே நெடுங்காலம் இருந்துவந்த கணக்கு. அவ்வளவு காலம் காத்திராமல் இளம் வயதிலேயே உதவி ஆய்வாளர் ஆக வழி உண்டா என்றால், உண்டு. நேரடி உதவி ஆய்வாளர் தேர்வில் நூற்றுக்கு 20 இடங்கள் துறையில் இருப்பவர்களுக்கே ஒதுக்கப்படுகின்றன. அதற்குப் பட்டம் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே தபால் மூலம் பட்டம் பெறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெறலாம், ஆனால் 10, அதன்பின் 12, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசாங்கம் அதை உத்தியோகத்துக்கு ஏற்கிறது. 12-ஐத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவே. வயது வரம்பு 26-உம் 28-உம் இருக்கையில், 18 வயதுப் பையன் மேல்நிலைப் படிப்பை விட்டு ஓடவேண்டிய அவசரம் எங்கே இருக்கிறது?

பயிற்சிக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இந்தத் தேர்வுக்கு இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள். அதை விசாரிக்காமல் சேமிப்பில் கைவைப்பது சரியல்ல. "மேலிடத்தில் ஆள் இருக்கிறது" என்று லட்சக் கணக்கில் கேட்கும் தரகர்களைப் பற்றி நான் எழுதவும் வேண்டுமா? நகையை அடகு வைத்து அப்படிக் கொடுத்துவிட்டு, தவணை கட்ட முடியாமல் வந்து நின்ற அங்கத்தினர் ஒருவரின் கணக்கை நானே பார்த்திருக்கிறேன்.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்களைச் சேர்த்தது 1973-இல். அன்று ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர் என்ற சிறு அணிதான். 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிஷம் 30 வினாடி. வயலில் நாற்றுக்கட்டுச் சுமந்து வரப்பில் ஓடிப் பழகிய பெண்ணுக்கு இது பெரிய தூரமல்ல.

இனி, அன்று அந்தப் பையன் வாசலில் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். நான் இவ்வளவும் சொல்லி முடித்து, "உன் மேல் கேஸ் ஏதும் இல்லையே?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். அவன் தந்தையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். சற்று நேரம் கழித்து, "எழுபத்தைந்து போட்டாங்க சார்" என்றான். தந்தைக்கு அது அந்த நிமிஷம்தான் தெரியும்.

வடசென்னையில் ‘எழுபத்தைந்து’ என்றால் விளக்கவேண்டியதில்லை. 1888-ஆம் வருஷத்துச் சென்னை நகரப் போலீஸ் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. பொது இடத்தில் குடித்துவிட்டோ குடிக்காமலோ ரகளை செய்தால் போடுவது. திருவிழாக் கூட்டத்தில் இரண்டு தெருப் பையன்கள் கைகலந்துகொள்கிறார்கள். போலீஸார் அகப்பட்டவர்களைக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கிறார்கள். விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது சட்டத்தின் பார்வையில் தண்டனை பெற்றதே ஆகும்.

காவலர் தேர்வில் எல்லாப் படிகளையும் தாண்டியவரைப் பற்றிக் கடைசியில் அவரது வட்டாரக் காவல் நிலையத்தில் விசாரிக்கிறார்கள். கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவர் தகுதியற்றவர் என்பது சேவை விதி. வழக்கு நிலுவையில் இருந்தாலும், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தாலும், அவரைச் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளவேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. 2008-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை உறுதிசெய்தது. விண்ணப்பத்தில் இதை மறைப்பது இன்னும் கெடுதல். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறைக் குற்றங்களை அதிகாரிகள் பொருட்படுத்தாமல் விடலாம் என்று இரக்கத்தோடு சொன்னது உண்மைதான். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கும் வேலை கொடுத்தே தீரவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இது நியாயமா என்று கேட்டால், என் அபிப்பிராயம் முழுவதும் ஒரு பக்கம் இல்லை. சட்டத்தைக் காப்பவர் சுத்தமானவராக இருக்கவேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆயினும் தெருச் சண்டை எந்த ஊரிலும் உண்டு. அது கேஸ் ஆவது எல்லா ஊரிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. வசதியுள்ள பேட்டையில் வீட்டுக்குச் சொல்லியனுப்பி முடிந்துபோவது, இங்கே காகிதமாகிறது. இந்த மக்களுக்கும் போலீஸுக்கும் இடையே உள்ள கணக்கு பழையது. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிப் பிரயோகம் நடந்த பகுதி இது. அந்தத் தொழிலாளரின் வம்சத்துப் பிள்ளைகளே காக்கி உடையில் தெருவுக்குத் திரும்பி வந்தால் நிலைமை மாறும் என்று நினைப்பவன் நான். அப்படியிருக்க, திருவிழாவில் போட்ட சட்டைப்பிடிச் சண்டை ஒன்று குறுக்கே நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பையனிடம் சம்பவம் எப்போது நடந்தது என்று கேட்டேன். சென்ற வருஷம், மாசித் திருவிழாவில். "ஸ்டேஷனில் வயது கேட்டார்களா?" "கேட்டாங்க. பத்தொன்பதுன்னு சொன்னேன்." ஏன்? பதினெட்டுக்குக் குறைவென்றால் பெற்றோரை வரவழைப்பார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று கூட இருந்தவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். காரியதரிசி தலையில் கைவைத்துக்கொண்டார்.

தந்தை கொண்டுவந்திருந்த பையில் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்தது. பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்கிட்டோம். சம்பவத்தன்று அவனுக்கு 17 வயது நிரம்பி நான்கு மாதம். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 18 நிரம்பாதவர்களின் வழக்குகளைத் தனி வாரியத்துக்குக் கொடுத்திருக்கிறது. அச்சட்டப்படி விசாரிக்கப்பட்ட சிறுவனுக்கு, அந்தக் குற்றத்தினால் பிற்காலத்தில் எவ்விதத் தகுதிக் குறைவும் ஏற்படலாகாது என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. தான் அப்போது சிறுவன் என்ற வாதத்தை வழக்கு முடிந்த பின்னும் எழுப்பலாம். வயதுக்கு முதல் சாட்சி பள்ளிச் சான்றிதழ். இதை ஒரு வக்கீல் பார்த்துச் சொல்லவேண்டும். நான் கணக்குப் பார்க்கிறவன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சிறுவர்களுக்கும் வசதியற்றவர்களுக்கும் கட்டணமின்றி வக்கீல் வைத்துக்கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் வழக்குத் தஸ்தாவேஜுகளின் நகலுக்கு மனுச் செய்வதே முதல் வேலை என்றும் சொன்னேன்.

தந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு முன்பண விண்ணப்பத்தை மேஜையிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 12-ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத எப்போது பணம் கட்டவேண்டும் என்று காரியதரிசியிடம் கேட்டார். பையன் சான்றிதழைத் தன் கையில் வாங்கி, பிறந்த தேதி இருந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தான்.