கொட்டிலில் குழந்தை உறங்கும் மூலை

குழந்தைக்கென ஒரு தனி அறை என்பது நம்மில் அநேகருக்கு எட்டாத காரியம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பிறந்து வளர்ந்து, இன்று தாமே தாய் தந்தையராகிவிட்டனர். 1995இலும் 2009இலும் பெயர்ந்தவர்களின் கதையும் இதற்குத் தூரமானதல்ல. ஒரே கொட்டிலுக்குள் அடுப்பு, நெல் மூட்டை, மண்வெட்டி, மருந்தடிக்கும் மெசின், பாய் படுக்கை எல்லாம் இருக்கும். அதற்குள்தான் பச்சைக் குழந்தையும் உறங்க வேண்டும். அறை இல்லாவிட்டாலும், ஒரு மூலையைக் குழந்தைக்கென ஒதுக்கிப் பாதுகாப்பாக்க நம்மால் முடியும். அதற்குப் பணத்தைவிடக் கவனமே கூடுதலாகத் தேவை.

எந்த மூலை?

அடுப்புக்கு எதிர்ப்புறமாக, காற்று உட்புகும் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். விறகுப் புகை குழந்தையின் நுரையீரலைப் பாதித்து நியூமோனியாவுக்கு வழி செய்கிறது. இயலுமாயின் அடுப்பை வெளியே ஒரு பத்தி இறக்கி அங்கு மாற்றுவது நல்லது. நுளம்புத் திரியின் புகையும் புகைதான். அதைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்கக்கூடாது.

தகரமும் தறப்பாளும் பகலில் அனலாய்க் கொதிக்கும். கூரையின் மேல் கிடுகு பரப்பினால் வெக்கை குறையும். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது என்று பொருள். வெக்கையில் தொப்பியும் காலுறையும் வேண்டாம்.

நெல் மூட்டையும் பாம்பும்

விதைநெல்லைக் கண்ணுக்கு முன்னே வைத்திருக்க விரும்புவது கமக்காரரின் இயல்பு. ஆனால் நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் பாம்பு, இரவில் நிலத்தில் உறங்குபவர்களையே பெரும்பாலும் தீண்டுகிறது. அதன் கடி வலிப்பது குறைவு. பல வேளைகளில் பல் அடையாளமும் தெரியாது. வயிற்றுவலி, கண்ணிமை சோர்தல், மூச்சுத் திணறல் என்பன பின்னரே தோன்றும். அப்படி ஐயம் எழுந்தால், கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். விடியும்வரை காத்திராமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆகவே மூட்டைகளைப் படுக்கையிலிருந்து தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். சுவரோரப் பொந்துகளை மண் குழைத்து அடையுங்கள். நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகுங்கள். அப்படிச் செருகிய வலை நுளம்பை மட்டுமன்றிப் பாம்பையும் தடுக்கும்.

வலை இரவுக்கு மட்டுமல்ல. நம் நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் டெங்கு ஒழியவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. குழந்தை பகலில் உறங்கும்போதும் வலை வேண்டும்.

எப்படிப் படுக்க வைப்பது?

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் நன்றாக உறங்கும், மல்லாந்தால் பால் புரையேறும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சுகதேகியான குழந்தைக்கு அந்தப் பயம் தேவையில்லை. 1991ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் உறக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

பாய் சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தலையணை, பஞ்சு மெத்தை, தளர்ந்த சேலைத்துண்டு, பொலித்தீன் விரிப்பு எதுவும் முகத்துக்கு அருகில் வேண்டாம். குழந்தை தாயின் கைக்கெட்டும் தூரத்தில் தனித் துணியில் கிடப்பது நல்லது. இடமின்றி ஒரே பாயில் படுக்க நேர்ந்தால், தாயின் பக்கமாக விடுங்கள். இருவருக்கு நடுவில் வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரும், புகைபிடிப்பவரும், மயக்கம் தரும் மருந்து எடுத்தவரும் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக்கூடாது. இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில் வெட்கமில்லை.

ஏணை நம் பழக்கம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. வளையை இழுத்துப் பார்த்து, குழந்தையைப் போல் சில மடங்கு பாரத்தைத் தொங்கவிட்டுச் சோதித்த பின்னரே கட்டுங்கள். நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர வேண்டாம். சேலை முகத்தில் மடியாதபடி குறுக்கே தடி கொடுங்கள். ஏணையில் நாடி நெஞ்சில் முட்டினால் குழந்தைக்கு மூச்சு முட்டும். ஆகையால் ஆட்டி உறங்க வைத்ததும் பாய்க்கு மாற்றுவதே முறை. பிள்ளை புரளத் தொடங்கிய பின் ஏணையில் தனியே விட்டு வயலுக்குப் போகக்கூடாது.

விளக்கும் போத்தலும்

மின்சாரம் இல்லாத கொட்டிலில் குப்பி விளக்கே பெரிய ஆபத்து. ஒல்லியான போத்தல் தட்டுப்பட்டால் சரிந்து உருளும். மூடி கழன்று மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பற்றும். எரிகாயங்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இதைக் கண்டே 1990களின் தொடக்கத்தில் 'சுதீப' என்ற விளக்கை அமைத்தார். அது குட்டையானது, பாரமானது. இரு பக்கமும் தட்டையாதலால் சரிந்தாலும் உருளாது. திருகு மூடி கழலாது. 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கிடைக்காவிட்டாலும், அதே குணங்களைப் பார்த்தே நம் விளக்கைத் தெரிவு செய்யலாம். வலைக்கும் தறப்பாளுக்கும் எட்டாத இடத்தில் அது நிற்கட்டும். உறங்கும்முன் அணைத்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். தவழும் பிள்ளை அதைத் தண்ணீரென்று குடிக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போத்தலையும் கையில் கொண்டு செல்லுங்கள். பூச்சிநாசினி, களைநாசினி, மருந்தடிக்கும் மெசின் என்பவற்றைக் கொட்டிலுக்கு வெளியே பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். மருந்தடித்து வந்தவர் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

இன்று மாலை செய்ய வேண்டியது

விளக்கேற்றும் முன் குழந்தையின் பாயில் நீங்களே படுத்துப் பாருங்கள். மேலே தொங்குவது எது, விழக்கூடியது எது, கையை நீட்டினால் எட்டுவது எது, சுவரோரம் பொந்து உண்டா என்று கவனியுங்கள். கண்ணில் பட்டதை அப்போதே அகற்றுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அடுத்த முறை வரும்போது அந்த மூலையை அவருக்கும் காட்டி ஆலோசனை கேளுங்கள். பக்கத்துக் கொட்டிலில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் இருந்தால், அவளுக்கும் இந்த மூலையை ஆயத்தம் செய்ய ஒரு கை கொடுங்கள்.