லாடத் தொழிலும் ஐப்பசித் தவணையும்



நம் குழுக்களில் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கடன் வாங்கியவர்கள் நிறையப் பேர். லாடம் அடிக்கும் பட்டறைக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் அவர்களுக்கு வரும் கஷ்டம் ஒரே மாதிரி இருக்கிறது. தை மாதம் தொடங்கி தவணையை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஐப்பசி வந்ததும் தடுமாறுகிறார்கள். காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது. இது ஏன், எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். செங்கல் சூளை, உப்பளம் என்று மழையில் நின்றுபோகும் எந்த வேலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

லாடம் எதற்கு?

மாட்டின் குளம்பு நம்ம நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். மண் தரையில் நடந்தால் வளர்வதும் தேய்வதும் சரியாகிவிடும். தார் ரோட்டில் பாரம் இழுத்தால் தேய்வது அதிகமாகி மாடு நொண்டும். அதைத் தடுக்கத்தான் லாடம். குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரே லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு 2 தகடு. நாலு காலுக்கும் அடித்தால் 8, ஒரு ஜோடிக்கு 16.

ரோட்டில் வண்டி ஓடினால்தான் இந்த வேலை. சேற்று வயலில் உழும் மாட்டுக்கு லாடம் தேவைப்படாது. வருமானம் ஏறி இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

பருவமும் வேலையும்

தை முதல் பங்குனி வரை: நெல், வைக்கோல், கரும்பு என்று வண்டிப் பாரம் அதிகம். பொங்கலை ஒட்டி ரேக்ளா மாடுகளும் வரும். கை நிறைய வேலை இருக்கும் காலம் இது.

சித்திரை, வைகாசி: எரு வண்டி ஓடும். காங்கயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில்தான் கூடும். வெயிலில் குளம்பு காய்ந்து இறுகிவிடும். அப்படியே வெட்டினால் விரியும். ஈரச் சாக்கைச் சுற்றி ஊறவிட்டு, பிறகு செதுக்கணும். உச்சி வெயிலில் மாட்டைச் சாய்க்கக் கூடாது. காலையிலும் சாயங்காலமும் வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை: வேலை நடுத்தரம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாட்டோடு குதிரையும் வரும். குதிரை லாடம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கூடுதல் வரும்படி.

புரட்டாசி முதல் மார்கழி வரை: மழை. மாடு வயலிலும் கட்டுத்தரையிலும் நிற்கும். ஈரத்தில் குளம்பு இளகிவிடுவதால் ஆணி பிடிக்காது. இந்த 4 மாதமும் லாட வேலை மிகக் குறைவு.

மழைக்காலத்தில் பட்டறை தூங்க வேண்டாம்

லாடம் இல்லாத மாதத்தில்தான் மற்ற வேலை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் களைக்கொத்து, மண்வெட்டி தட்டித் தரலாம். மார்கழியில் அறுப்பு அரிவாளுக்குப் பல் வெட்டலாம். மழையில் நனைந்தால் எரியாது என்பதால் கரியைப் புரட்டாசிக்கு முன்பே வாங்கிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். பட்டை இரும்பு கையில் இருந்தால் தைக்கு வேண்டிய தகட்டை மழையிலேயே வெட்டித் துளை போட்டு வைக்கலாம்.

தவணைக் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். மாதத் தவணை 1,100 ரூபாய். 4 மழை மாதத்துக்கு 4,400 ரூபாய் வேண்டும். மீதி 8 மாதமும் தவணை போக மாதம் 550 ரூபாய், அதாவது வாரம் சுமார் 140 ரூபாய், தனியாக எடுத்து வைத்தால் அந்தப் பணம் சேர்ந்துவிடும். எடுத்து வைக்காமல் வெளியே அஞ்சு வட்டிக்கு 4,400 வாங்கினால், மாத வட்டி மட்டும் 220 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

இதில் பேச வேண்டிய விஷயம் இன்னொன்று. கடன் நம்ம பேர்ல இருக்கு. லாடக் காசு வீட்டுக்காரர் கைக்குப் போகுது. மாட்டின் கயிற்றைப் பிடிப்பதும், துருத்தி ஊதுவதும், ஆணி எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் நாம்தான். அந்த உழைப்பை யாரும் கூலியாகக் கணக்குப் போடுவதில்லை. நம்ம உழைப்புக்குக் கூலி என்று வாரத்துக்கு அந்த 140 ரூபாயைக் கேட்டு வாங்கி, நம்ம பேரில் உள்ள சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கொடுத்த காசு வாங்கிய காசு மட்டுமல்ல, "அறுப்பு முடிஞ்சு தர்றேன்" என்று சொன்னவர் பாக்கியையும் நோட்டில் எழுதுங்கள்.

குழுவின் உள்கடன் என்றால், மழை மாதத்தில் தவணையைக் குறைத்து தையில் கூட்டிக்கொள்ளலாம். கடன் கொடுக்கும்போதே கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடணும். வங்கிக் கடனுக்கு, வாங்கும் முன்பே மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்டரும் சரக்கு ஆட்டோவும் வந்த பிறகு வண்டி மாடு குறைந்துவிட்டது. அதனால் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே இந்தத் தொழிலுக்குக் கடன் கேளுங்கள்.

கவனம் வேண்டிய மூன்று

1. ஆணி குளம்பின் வெளி ஓரத்தில்தான் இறங்கணும். சதையில் பட்டால் உடனே பிடுங்கிச் சுத்தம் செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்டணும்.

2. கோமாரி கண்ட மாட்டுக்கு லாடம் அடிக்காதீர்கள். நோய் கருவியோடும் கயிற்றோடும் அடுத்த மாட்டுக்குப் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சலவை சோடா கலந்து கருவிகளையும் கயிற்றையும் கழுவுங்கள். கால்நடைத் துறை போடும் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம் என்று மாட்டுக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

3. ஆணி கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரண ஜன்னி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டுத் தொழிலுக்கு எந்த மாதம் காசு வரும், எந்த மாதம் வராது என்று 12 கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். காசு வராத மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று இப்போதே பேசி முடிவு செய்தால், ஐப்பசியில் அடகுக் கடைப் படி ஏற வேண்டியிருக்காது.